‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க’ என்று போன் வந்தால்

‘சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க.’ தமிழ்நாட்டில் எத்தனையோ கிரிமினல் வழக்குகள் இப்படி ஒரு போனில்தான் தொடங்குகின்றன. போனவர் சாயங்காலமே வீடு திரும்பலாம். மூன்று நாள் கழித்து, ‘இன்று காலை வாகனச் சோதனையில் பிடிபட்டார்’ என்ற ரிமாண்ட் ரிப்போர்ட்டோடு (காவலில் வைக்க அனுமதி கேட்டு போலீஸ் எழுதும் அறிக்கை) மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் செய்யலாம். அந்த மூன்று நாள் எங்கே போனது என்று பிறகு கேட்டால், குடும்பம் முதல் ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பியதுதான் பதில் சொல்லும்.

போன் வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றே: சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டவராகவா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சட்டப்படி இரண்டுக்குமே எழுத்து வேண்டும். சாட்சிக்குப் பிரிவு 179, சந்தேக நபருக்குப் பிரிவு 35(3) நோட்டீஸ். இந்த 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பணத் தகராறு மனு என்றால் சிஎஸ்ஆர் எண்ணை (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது எண்) கேளுங்கள். கடனை வசூலித்துக் கொடுக்கும் அதிகாரம் எந்த இன்ஸ்பெக்டருக்கும் கிடையாது.

முறையான நோட்டீஸ் வந்துவிட்டால் போகாமல் இருக்காதீர்கள். வராததையே காரணமாகக் காட்டிக் கைது செய்ய முடியும். நோட்டீஸின் இரண்டு ஜெராக்ஸோடு போய், ஒன்றில் ‘ஆஜரானார்’ என்று தேதி, நேரம், கையெழுத்து, சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) சீல் போட மறுத்தால், வெளியே வந்த உடனே அதே விவரத்தை ஸ்டேஷனுக்கும் எஸ்பி அலுவலகத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

நோட்டீஸே இல்லாமல் வண்டியில் ஏற்றிப் போய்விட்டால், வேலை குடும்பத்தின் கையில். முன்பெல்லாம் இந்த நிலையில் ஓடிப்போய்த் தந்தி கொடுப்பார்கள். அதில் விழும் தந்தி அலுவலக முத்திரையும் நேரமும் பின்னால் கோர்ட்டில் பேசும். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. இன்றைக்கு எஸ்பி அல்லது கமிஷனருக்கு மின்னஞ்சல், கூடவே பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட். அழுது புலம்பி எழுத வேண்டாம். யாரை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, சீருடையிலா மஃப்டியிலா, வண்டி எண் என்ன: ஐந்து வரி போதும். எதிர்க்கடை சிசிடிவி பதிவை அன்றே வாங்கி வையுங்கள். பல கடைகளில் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ஆட்கொணர்வு மனு (ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போடலாம்.

கைது என்றால் கைது மெமோ (கைதான தேதி, நேரம் எழுதும் தாள்) கட்டாயம். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரவு 9 மணிக்குப் பிடித்தவரை மறுநாள் காலை 6 மணிக்குப் பிடித்ததாக எழுதினால், 24 மணி நேரக் கெடு அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். நேரம் தப்பாக இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘முந்தின நாள் இரவு 9 மணிக்கு அழைத்து வந்தார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். கைதுக்கான காரணத்தை, உங்களுக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் தர வேண்டும். உடனடியாக முடியாத சூழலில்கூட, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயது தாண்டியவரையோ உடல்நலிவு உள்ளவரையோ கைது செய்ய டிஎஸ்பியின் முன் அனுமதி வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் பெண் அதிகாரியும் தேவை.

இனி விசாரணை அறை. பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லிவிடுங்கள். குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை. ‘வக்கீலைப் பார்த்த பிறகு சொல்கிறேன்’ என்பது முழுப் பதில்தான். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சட்டம் வழிவிடவில்லை. காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது.

அங்கே கேட்கும் வசனங்கள் பழகியவை. ‘உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்.’ ‘ஒத்துக்கோ, சின்ன செக்‌ஷனாப் போட்டு முடிச்சிடுறேன்.’ ஒருவர் மிரட்டுவார். ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்து, ‘சொல்லிடு தம்பி’ என்பார். கூட்டாளி என்ன சொன்னான் என்பது உங்களுக்குத் தெரியாது. பெரிய வழக்கில் ஜாமீன் கொடுப்பதும் தண்டனையைத் தீர்மானிப்பதும் கோர்ட். அதனால் இந்த இரண்டு பேச்சுக்கும் பதிலாக எதையும் சொல்லிவிடாதீர்கள். போலீஸிடம் கொடுத்த விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பிரிவு 181 அதைத் தெளிவாகவே சொல்கிறது.

போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். அதில் இருக்கும் ஓட்டைதான் தெரியாது. ‘கத்தியைக் கிணற்றுமேட்டில் புதைத்தேன்’ என்று காவலில் சொல்லி, அங்கே கத்தியும் கிடைத்தால், கத்தி கிடைக்கக் காரணமான அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே அந்த மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் பதிவு) சாட்சி யார், இடம் எது, எத்தனை மணி என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். அவர் போலீஸ் அதிகாரி அல்ல. ‘தானாக வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார்’ என்று அவர் சாட்சி சொன்னால் கோர்ட் அதைப் பரிசீலிக்க முடியும். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. எனவே அவர் எதிரிலும் வாயைத் திறக்காதீர்கள்.

வீட்டுச் சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 105. கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலை வாங்குங்கள். செல்போன் என்றால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கறுப்பு நிற செல்போன் 1’ என்று எழுதினால் அது எந்த போனாகவும் ஆகிவிடும்.

‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்ற செய்தியையும் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தையும் நாம் பார்க்காத மாதமில்லை. கைதானதும் அரசு டாக்டர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கை நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் (பிரிவு 53). டாக்டரிடம் காயம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். போலீஸ் பக்கத்தில் நின்றால், அவரை வெளியே நிற்கச் சொல்லும்படி கேளுங்கள்.

டாக்டரிடம் சொல்ல முடியாததை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்: உண்மையில் எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா. அவர் கேட்கக் காத்திருக்க வேண்டாம். சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டி, ‘இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா’ என்று கேளுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கும்படி அன்றே மனுக் கொடுங்கள். குறைந்தது ஓராண்டாவது பதிவை வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட்டே கண்டு எழுதினார்.

ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், ஆனால் கேட்டால்தான். மனுப் போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் வக்கீல் மனுவை முந்தின இரவே தயாராக வைத்திருந்து, 61 அல்லது 91ஆம் நாள் கோர்ட் திறந்ததும் தாக்கல் செய்ய வேண்டும்.