கை மீட்புப் பயிற்சிக்கு வீட்டுக் கண்ணாடியே போதும்

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு ‘மிரர் தெரபி’ எனும் கண்ணாடிப் பயிற்சி பரிந்துரைக்கப்பட்டால், அதற்கென விற்கும் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. இரண்டடி உயரமுள்ள சாதாரணக் கண்ணாடியை, அதன் முகம் நல்ல கையை நோக்கியிருக்கும்படி, மேசையில் நெஞ்சுக்கு நேர் நடுவே செங்குத்தாகச் சாயாமல் நிறுத்தினால் போதும். பாதிக்கப்பட்ட கையைக் கண்ணாடியின் பின்னால் மறைத்து வைத்து, நல்ல கையின் விரல்களை மெல்ல விரித்து மடக்கியபடி பிம்பத்தையே பார்க்க வேண்டும். முடிந்தால் மறைந்த கையையும் அதேபோல் அசைக்க முயலலாம்.

செயலிழந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தெரிவதால், அக்கையை இயக்கும் மூளைப்பகுதி தூண்டப்படுவதாகக் கருதப்படுகிறது. உறுப்பிழந்தோரின் மாய வலிக்காக (இல்லாத உறுப்பில் உணரப்படும் வலி) நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கையாண்ட உத்தி இது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை முதலில் கழற்றிவிடுங்கள். நல்ல கையில் மோதிரம் மின்னினால், பிம்பம் தன் மறு கையே என்ற உணர்வு கலைந்துவிடும். (பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.)

நிமிர்ந்து உட்கார இயலாதவர்களுக்கும், பார்வையோ கவனமோ கண்ணாடியில் நிலைக்காதவர்களுக்கும் இது பொருந்தாது. தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இயன்முறை மருத்துவர் தரும் மற்றப் பயிற்சிகளுக்கு இது மாற்றும் அல்ல.