கர்ப்பத்தில் ரத்தம் பட்டால்: "கொஞ்சம்தானே" என்று இருந்துவிடாதீர்கள்

பிரசவ வார்டு போனை எடுத்தால் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "சிஸ்டர், லேசாகக் கறை பட்டிருக்கிறது, காலையில் வந்தால் போதுமா?" முதல் தடவை கர்ப்பமானவர்கள் புதிது புதிதாக வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவையே. எல்லோருக்கும் தெரிந்த சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவைப் பார்த்து முடிவு செய்வது

முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்காவது கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. கரு பதியும்போதும், உடலுறவுக்குப் பிறகும், உள்பரிசோதனைக்குப் பிறகும் சில துளிகள் படுவதுண்டு. இந்த ஆறுதல்தான் வம்பு. "எனக்கும் பட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்று தெரிந்த அக்கா ஒருவர் சொல்வார். உண்மைதான். ஆனால் அவருடைய கரு கருப்பைக்குள் இருந்தது. உங்களுடையது எங்கே இருக்கிறதென்று ஸ்கேன் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

கரு கருக்குழாயில் தங்கிவிட்டால் வெளியே தெரிவது பழுப்பாக ஒரு கறை மட்டுமாக இருக்கலாம். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். சானிட்டரி பேடைப் பார்த்து என்ன தெரியும்?

அப்படி ஒரு பெண் வந்தார். ஏழாவது வாரம். பழுப்புக் கறை, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி. வீட்டில் வாயு என்றார்கள். அப்புறம் தோள்பட்டை வலித்தது. கோணலாகப் படுத்திருப்பாய் என்று மருந்து தேய்த்துவிட்டார்கள். குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார், ஒரு குழாய் போயிற்று. கூட வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது: "ஒரு பேட்கூட நனையலையே!" இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. உள்ளே தேங்கும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால்தான் தோள் நுனி வலிக்கிறது. தோளில் கோளாறே இல்லை. கறையோடு ஒரு பக்க வலி, தோள் வலி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

பிந்திய மாதங்களிலும் இதே கதைதான். நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால், ரத்தம் அதன் பின்னாலேயே தேங்கிவிடலாம். வெளியே கொஞ்சம்தான் வரும், சில சமயம் எதுவுமே வராது. வயிறு பலகை மாதிரி இறுகி வலிக்கும், குழந்தையின் அசைவு குறையலாம்.

"அதான் நின்றுவிட்டதே"

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே இருந்தால், வலியே இல்லாமல் சிவப்பு ரத்தம் வரும், தானாக நிற்கும். அடுத்த தடவை அதைவிட அதிகமாக வரலாம். 20 வாரத்துக்கு மேல் என்றால் நின்றாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்கேன் ஃபைல் கையில் இருக்கட்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக முன்பே சொல்லியிருந்தால் நுழைந்தவுடன் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

ரத்த வகையைச் சொல்லாமல் விடுவது

நெகட்டிவ் என்றால், ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) தேவைப்படலாம். கேளுங்கள்.

டாம்பான் (உள்ளே செருகும் பஞ்சு)

வேண்டாம். பேட் மட்டும்.

படுத்தே கிடப்பது

படுத்திருந்தால் கருச்சிதைவு தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நேரம்தான் போகும். "வாளியைத் தூக்கினேன், அதனால்தான்" என்று அழுபவர்களையும் பார்க்கிறேன். ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் பாதியளவுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். வாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

போனில் பாதியை விழுங்குவது

எத்தனையாவது வாரம், என்ன நிறம், கட்டி வந்ததா, வலி எங்கே, குழந்தை அசைகிறதா எல்லாவற்றையும் சொல்லுங்கள். சதை போல ஏதாவது வெளிவந்தால் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிடாமல் சுத்தமான டப்பாவில் எடுத்து வாருங்கள். 37 வாரம் முடியுமுன் சளி கலந்த ரத்தம் பட்டால் உடனே வரவேண்டும். குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் போனே வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

தனியாக வண்டி ஓட்டி வருவது

கூடாது. வழியில் மயக்கம் வரலாம்.