ஆசிரியருக்கு முற்றிய புற்றுநோய்: பழைய மாணவர்கள் என்ன செய்யலாம்?

எதை வெளியே சொல்லலாம் என்று முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். சாருக்கே முழு விவரம் தெரியாமலிருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஸ்கேன் ரிப்போர்ட் போட்டால் அது அவர் போனுக்கும் வந்துசேரும். குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடட்டும்.

பணம் நேராகக் குடும்பத்தார் கணக்குக்கே போகட்டும். இடையில் ஒருவர் வசூலித்தால் கணக்குக் கேட்பதிலேயே சண்டை வரும். யுபிஐயில் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம்தான். அதற்கு மேல் என்றால் நெஃப்ட் (NEFT) எனும் வங்கிப் பணமாற்றம்.

குணமாகாது என்றான பிறகு ஆள்தான் அவசியம். இரவுத் துணைக்கு முறைவைத்து ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கார், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும். மலமிளக்கியையும் சேர்த்தே டாக்டரிடம் கேளுங்கள்.

பார்க்கப் போனால் இருவராக, 15 நிமிடம். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வேண்டாம், ஏற்கெனவே குவிந்திருக்கும். வீட்டாருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோங்கள்.