பேச்சு பாதியிலேயே படுத்துவிடுகிறதா?

ஒருவர் "அப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்" என்கிறார். உடனே நாம், "அடடா, எங்கள் மாமாவுக்கும் போன வருஷம் இதேதான், மூன்றே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்" என்று ஆரம்பித்து, மாமா சாப்பிட்ட மாத்திரை வரைக்கும் போய்விடுகிறோம். ஆறுதல் சொன்னதாகத்தான் நமக்கு நினைப்பு. அவரோ "ம்... ஆமாம்" என்று இரண்டு தடவை தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

நானும் பல வருஷம் இப்படிப் பேசியவன்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: நாம் சொல்லும் பதில் ஒன்று பேச்சை அவரிடமே விட்டுவைக்கும், இல்லையென்றால் நம் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன், நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் எரிச்சல்தான். முதலில் "என்ன ஆபரேஷன்? அப்பா பயப்படுகிறாரா?" என்று கேளுங்கள், மாமா அப்புறம் வரட்டும்.

சரி, ஏன் இந்த அவசரம்? 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில், கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆன இடைவெளி சராசரியாகச் சுமார் 0.2 விநாடிதான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால் அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். அது இயல்பு, நிறுத்த முடியாது. ஆனால் பலர் முக்கியமான விஷயத்தைக் கடைசியில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், அந்த நேரம் பார்த்து நம் காது மூடியிருக்கும். அவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள், பாதிப் பேர் அந்த இடைவெளியில்தான் மிச்சத்தைச் சொல்வார்கள்.

கேள்வி கேட்கச் சொன்னால் சிலர் விண்ணப்பப் படிவம் நிரப்புவார்கள். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள், எப்போது வந்தீர்கள்? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நிறையக் கேள்வி கேட்பவர்களை மற்றவர்களுக்குப் பிடித்திருந்தது, அதிலும் சொன்ன பதிலையே பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பவர்களை. "வேலையை விட்டுட்டேன்" என்றால் "அடுத்து என்ன?" என்று தாவாமல், "விடணும்னு எப்போ தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்காத அறிவுரையும் வேண்டாம். மேலதிகாரியைப் பற்றிப் புலம்புகிறவரிடம் "வேற வேலை தேடு" என்கிறோமே, அது அவருக்குத் தோன்றியிருக்காதா? கதையின் நடுவில் "செவ்வாய் இல்லை, புதன்கிழமை" என்று திருத்துவதும் அப்படித்தான், தம்பதிகள் இதில் டாக்டர் பட்டமே வாங்கியவர்கள். போனைக் குப்புற வைப்பது போதாது, பையில் போடுங்கள்.

கடைசியாக, முடிக்கத் தெரியாமல் இழுப்பது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். சிலருக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது, சிலருக்கு முடியவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து நெளிவதைவிட, "கிளம்பணும், ஆபரேஷன் முடிந்ததும் போன் பண்ணுங்க, அப்பா எப்படி இருக்கார்னு சொல்லுங்க" என்று எழுந்துவிடலாம்.