நாடகம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கல்லூரி தேடுவது எப்படி

படிவம் ஆறில் இருக்கும் பிள்ளை "நாடகம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வரும் முதல் கேள்வி, "படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவே?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதிலைக் கல்லூரி விளம்பரத்தில் தேடாதீர்கள்; பாடத்திட்டத் தாளில் தேடுங்கள்.

முதலில் மலேசியாவில் நாடகப் படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பினாங்கு யூ.எஸ்.எம்.மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கலைப்பள்ளி, மலாயாப் பல்கலைக்கழகம், சரவாக்கின் யூனிமாஸ் பல்கலைக்கழகம் மூன்றிலும் நாடகத்தைப் பட்டப்படிப்பாகவே எடுக்கலாம். மூன்றுக்கும் விண்ணப்பம் பொதுவாக அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூ.பி.யூ. வழிதான். கோலாலம்பூரின் அஸ்வாரா 1994-இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கியது. அங்கே நவீன நாடகத்தோடு மாக் யோங், பங்சாவான், வாயாங் கூலிட் போன்ற மரபுக் கலைகளும் உண்டு. யூ.ஐ.தி.எம். பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை இருக்கிறது, ஆனால் அது பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடி) மாணவர்களுக்கானது; அந்தப் படிவத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தனியார் கல்லூரிகளில் "நிகழ்கலை" என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். உள்ளே முக்கால்வாசி இசையும் நடனமுமாக இருக்கலாம்.

இனி அந்தப் பாடத்திட்டத் தாள். மலேசியத் தகுதி முகமை எம்.கியூ.ஏ.யின் கணக்கில் 1 கிரெடிட் என்பது மாணவர் உழைக்கும் 40 மணி நேரம். வகுப்பு, ஒத்திகை, வீட்டுப் படிப்பு எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் 3 கிரெடிட் பாடம் 120 மணி. 14 வாரப் பருவத்துக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணி. "மேடைத் தயாரிப்பு" என்று போட்டிருக்கும் பாடத்துக்கு நேராக விரிவுரை எத்தனை மணி, அமாலி (செய்முறைப் பயிற்சி) எத்தனை மணி என்று பாருங்கள். எட்டரை மணியில் விரிவுரையும் கட்டுரையும் ஆறு மணியைத் தின்றுவிட்டால், அது நாடகத்தைப் பற்றிப் படிக்கும் பாடம், நாடகம் போடும் பாடமில்லை. இரண்டும் தேவைதான். ஆனால் எது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு சேருங்கள். ஒளியமைப்பு, ஒலி, மேடை நிர்வாகம் மூன்றும் கட்டாயப் பாடமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நடிப்பு வாய்ப்பு வராத மாதங்களில் சோறு போடுவது அவைதான்.

தாளைப் படித்த பிறகு நேரில் போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் பட்டர்வொர்த்; அங்கிருந்து ஃபெரி, பிறகு பஸ். யூ.எஸ்.எம்.மை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். திறந்த நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாமே துடைத்து வைத்திருக்கும். பருவத்தின் நடுவில், ஒத்திகை நடக்கும் வாரநாளில் போங்கள். ஒத்திகை அறையில் காலணியைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையை ஒரு தட்டு தட்டுங்கள். 'தொம்' என்று உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வந்தால் பலகைக்கு அடியில் இடைவெளி இருக்கிறது, விழுந்தாலும் தரை கொஞ்சம் இடம் கொடுக்கும். சத்தமே எழாமல் குதிகால் வலித்தால் சிமெண்டின் மேல் ஒட்டிய ஓடு. குதிக்கும் பயிற்சி வருடக்கணக்கில் நடந்தால் முழங்கால்தான் பில் கட்டும். அண்ணாந்து பார்த்து, மேலே தொங்கும் விளக்குகளில் எத்தனை எரிகின்றன என்று கேளுங்கள். உடை அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அங்கே நாடகம் போட்டு ரொம்ப நாளாகிறது. மண்டபத்தின் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. போன மாதம் முழுக்க விருந்தும் பரிசளிப்பு விழாவுமாக இருந்தால், மாணவர்கள் எங்கே ஒத்திகை பார்த்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

யூ.பி.யூ.வில் தகுதிப் புள்ளி 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அதனால் பள்ளி நாடகப் போட்டிச் சான்றிதழ்களைத் தகர டப்பாவில் துருப்பிடிக்க விடாதீர்கள். நேர்முகத் தேர்வு உள்ள படிப்பென்றால் அழைப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகாவிட்டால் இடம் போய்விடும்.

நடித்துக் காட்டச் சொன்னால், கோயில் திருவிழா மேடையில் பழகிய குரல் நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். அங்கே கடைசி வரிசைக்கும் பந்தலுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்க வேண்டும். இங்கே தேர்வாளர் மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருப்பார். சாயங்காலம் காலியாகக் கிடக்கும் ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகுங்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிப்பேச்சுகள் தயாராக இருக்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தது ஒன்று மலாயில் இருக்கட்டும். மலாயில் சம்பளத்துக்கும் ஆராய்வதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'காஜி'தான். வாயில் முதல் எழுத்து வேறு: சம்பளத்துக்கு 'கங்கை'யின் க, ஆராய்வதற்குக் 'கல்'லின் க. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்கு இது மாறிப் போகும். பதிவு செய்து திரும்பக் கேட்டால்தான் தெரியும்.

நாடகத்தோடு வரலாறு, மெய்யியல், இலக்கியம், சமூகவியல் என்று கலந்து படிக்க விரும்பும் பிள்ளைக்கு இங்கே அதற்கென்றே தனிக் கல்லூரி தேடினால் அலைச்சல்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் துணைப் பாடமாகவும் விருப்பப் பாடமாகவும் எடுக்க முடியுமா, எத்தனை கிரெடிட் வரை, வேறு துறையிலும் எடுக்கலாமா என்று கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் இருப்பதால் இந்தக் கேள்வியை அங்கே அவசியம் கேட்க வேண்டும். மற்றொரு வழி, சில தனியார் கல்லூரிகள் நடத்தும் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம். கொஞ்ச காலம் இங்கே, மீதி அங்கே. செலவு பெரிது. இங்கே எடுத்த பாடத்தை அந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். நடிப்புப் பாடத்தை வெறும் விருப்பப் பாடமாகக் கணக்கில் வைத்துவிட்டால் ஒரு பருவம் கூடுதலாகும். அந்தப் பருவத்தின் கட்டணம் டாலரில்.

தனியார் என்றால் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் படிப்பின் குறியீட்டைத் தேடுங்கள். எஃப்.ஏ. (FA) என்றால் முழு அங்கீகாரம், பி.ஏ. (PA; பட்டத்தின் பெயரல்ல) என்றால் தற்காலிகம். பி.ஏ. என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, முழு அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், இன்னும் திறக்கவில்லையென்றால் இப்போதே திறந்துவிடுங்கள்.

கட்டணத் தாளில் வராத செலவும் உண்டு: ஒப்பனைப் பெட்டி, கறுப்பு உடை, பிரதி நகல், நாடகம் போடும் மாதத்தில் கைக்காசு. ஒத்திகை இரவு 11 மணிக்கு முடிந்தால் விடுதிக் கதவு திறந்திருக்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அலுவலகத்தில் கேட்காதீர்கள். இரண்டாம் வருட மாணவியிடம் கேளுங்கள், சரியான நேரம் அவருக்குத்தான் தெரியும்.