பக்கிளில் இருந்து தொடங்குங்கள்: பழைய கைக்கடிகாரத்துக்கு வார் தேடும் முறை

என் அப்பா பினாங்கில் ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய ஃபெரியில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். 1968-ல் வாங்கிய டைட்டோனி கைக்கடிகாரத்தை வேலைக்குக் கட்டிக்கொண்டு போகமாட்டார். எண்ணெயும் உப்புக்காற்றும் அதைத் தின்றுவிடும் என்பார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும். டயலில் ஒரு பிளம் பூ இருக்கும். சீனர்கள் அந்தப் பூவின் பெயரால் இந்தக் கடிகாரத்தை மெய்ஹுவா என்று அழைப்பார்கள்.

அப்பாவுக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. வார் வெடித்துப்போயிருந்ததால் ஒரு பேரங்காடிக் கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் புது வாரை மாட்டிவிட்டு, பழைய வாரைப் பக்கிளோடு குப்பைக்கூடையில் போட்டார்கள். கேட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பார்த்தபோது, அழுக்குக்கு அடியில் பக்கிளின் மேலும் அதே பூ இருந்தது. ஐம்பது வருடம் அப்பாவின் விரல் பட்டுப் பட்டு ஓரம் மழுங்கியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: வாரை வாங்கிக்கொண்டு அதோடு வரும் பக்கிளை ஏற்றுக்கொள்வது தலைகீழான வேலை. பினாங்கு வெயிலிலும் வியர்வையிலும் தோல் வார் ஓரிரு வருடத்தில் நைந்துவிடும். பக்கிள் நிலைத்திருக்கும். கடிகாரத்தோடு பிறந்த பக்கிள் உங்களிடம் இருந்தால், அதற்குப் பொருந்தும் வாரைத்தான் தேடவேண்டும்.

இரண்டு அளவுகள் வேண்டும். கடிகாரத்தின் மேலும் கீழும் இரண்டிரண்டாக நீண்டிருக்கும் கால்களை லக் என்பார்கள். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி முதல் அளவு. பள்ளிக்கூட அளவுகோலால் 17-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசத்தை உறுதியாகச் சொல்லமுடியாது. பிளாஸ்டிக் வெர்னியர் அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரும்பு முனை தங்க முலாமைக் கீறிவிடும். அந்தக் காலத்து ஆண்கள் கடிகாரங்களில் 16, 17, 18, 19 மி.மீ. எல்லாம் வரும். இன்றைய கடைகளில் 20-ம் 22-ம்தான் குவிந்து கிடக்கின்றன. 19 மி.மீ. இடைவெளிக்கு 18 வாரைப் போட்டால் இரு பக்கமும் அரை மி.மீ. வெற்றிடம் தெரியும், வாரும் பக்கவாட்டில் ஆடும். 20-ஐ நசுக்கி நுழைத்தால் தோலின் ஓரம் மடிந்துவிடும். நான் என்றால் 19 கிடைக்கும்வரை காத்திருப்பேன்.

இரண்டாவது அளவைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. பக்கிளின் முள் கோத்திருக்கும் இடத்தின் உள் அகலம் அது. வாரின் நுனிப்பக்க அகலமும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்பாவின் பக்கிள் 14 மி.மீ. கடையில் கிடைக்கும் 18 மி.மீ. வார்களில் பெரும்பாலானவை நுனியில் 16-க்குத்தான் குறுகுகின்றன. ஆகவே ‘18 வார் வேண்டும்’ என்று கேட்பது போதாது. ‘மேலே 18, பக்கிளில் 14’ என்று கேளுங்கள். இங்கே கடைகளில் மலாயில்தான் பேச்சு நடக்கும். வாருக்கு ‘தாலி ஜாம்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு முதல் தடவை திடுக்கென்றிருக்கும். மலாயில் தாலி என்றால் கயிறு. ஜாலான் பிந்தால் தாலி என்ற தெருப்பெயரில் இருப்பதும் அதே கயிறுதான்.

14-க்குக் குறுகும் வார் கிடைக்காவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. தோல் வேலை செய்பவரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது ஒன்று. இருக்கும் வாரைச் செதுக்குவது இன்னொன்று. ஆனால் எல்லா வாரையும் செதுக்கமுடியாது. ஓரத்தைப் பாருங்கள். மேல்தோல் மடிந்து அடிப்பக்கம் ஒட்டியிருந்தால் கத்தி வைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சோ அட்டையோ வெளியே வந்துவிடும். வெட்டிய ஓரத்துக்கு மெழுகோ சாயமோ பூசிய, ஒரே அடுக்குத் தோல் வாரை மட்டும்தான் ஒரு மி.மீ. இப்படியும் ஒரு மி.மீ. அப்படியும் சீவலாம்.

பக்கிள் தொலைந்துபோனவர்களுக்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைச் சொல்வேன். கூலிட் என்றால் தோல், பெயர் பொருத்தம்தான். காலையிலேயே போய்விடுங்கள். ஓடாத கடிகாரங்களைத் தட்டில் கொட்டி வைத்திருப்பார்கள். கடிகாரத்துக்காக அல்ல, அதில் தொங்கும் பக்கிளுக்காகப் பார்க்கவேண்டும். நான் சிறு காந்தம் ஒன்று கொண்டுபோவேன். பித்தளைமேல் முலாம் பூசியது காந்தத்தில் ஒட்டாது. நல்ல துருப்பிடிக்காத எஃகும் அநேகமாக ஒட்டாது. பட்டென்று ஒட்டினால் உள்ளே சாதாரண இரும்பு. நம் வியர்வையில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தக் காந்தத்தைக் கடிகாரத்தின் அருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடிகாரம் கண்டபடி வேகமாக ஓடும்.

பக்கிளின் நிறம் கடிகாரத்தின் நிறத்தோடு சேரவேண்டும். எஃகுக்கு எஃகு. தங்க முலாம் என்றால் பழைய முலாமின் மங்கிய மஞ்சளுக்குப் பக்கத்தில் புது பக்கிளின் மஞ்சள் கத்தும். பூ இருக்கிறதே என்று வேறு நிறத்தில் ஒன்றை வாங்குவதைவிட, பெயரே இல்லாத, நிறம் ஒத்துப்போகும் பழைய பக்கிள் எவ்வளவோ மேல். முள் வளைந்திருந்தால் லிட்டில் இந்தியாவில் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் நிமிர்த்தித் தரச் சொல்லலாம். முலாம் பூசிய பக்கிளில் நெருப்பு வைத்துப் பற்றவைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள், முலாம் கருகிவிடும்.

இனி ஸ்பிரிங் பார். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். வாரையும் கடிகாரத்தையும் இணைக்கும் இந்த மெல்லிய குழாய்க்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. அதன் முனைகள் காலின் உட்புறத் துளைகளில் உட்கார்ந்து எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. பேரங்காடிக் கடையில் புது வாருக்குள் பழைய பாரையே திரும்பப் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அது விட்டுக்கொடுத்தது. கடிகாரம் சாலையோரத்தில் விழுந்து கண்ணாடி கீறியது. அக்ரிலிக் கண்ணாடி என்பதால் மெருகேற்றிச் சரிசெய்ய முடிந்தது; விழுந்த இடம் புல்தரையாக இருந்ததால் எஞ்சின் பிழைத்தது.

ஒவ்வொரு முறை வார் மாற்றும்போதும் பாரையும் மாற்றுங்கள். சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும். நீளம் லக் இடைவெளிக்குச் சமமாக இருக்கவேண்டும். பழைய மெலிந்த கடிகாரங்களுக்கு 1.5 மி.மீ. தடிமன் போதும். சைகோவின் முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான 2.5 மி.மீ. தடித்த பார் இங்கே பொருந்தாது, முனையும் துளைக்குள் போகாது. துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பாருக்கும் கடிகாரத்தின் உடலுக்கும் நடுவே இடம் குறைவாக இருந்தால் வில்போல் வளைந்த பார் கிடைக்கிறது.

மிகப் பழைய கடிகாரங்களில் பார் கழலவே கழலாது; கால்களோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே கருவியை வையுங்கள். அவற்றுக்குப் பாரைச் சுற்றி மடித்து ஒட்டும் திறந்த முனை வாரோ, ஒரே துண்டாக உள்ளே நுழைந்து வரும் வாரோ வேண்டும். நேட்டோ வார் என்று விற்கப்படும் நைலான் பட்டை பிறந்ததே பார் கழலாத ராணுவக் கடிகாரங்களுக்காகத்தான். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் அதற்கான அளவுகளை 1973-ல் வகுத்தது. ஆனால் அது கடிகாரத்துக்கு அடியில் இரண்டு அடுக்காக ஓடும். மெல்லிய பழைய கடிகாரம் அதன்மேல் மேசைமேல் வைத்ததுபோல் உயர்ந்து நிற்கும். ஒற்றை அடுக்கில் ஓடுவதைக் கேளுங்கள்.

தோலைப் பொறுத்தவரை, 2 மி.மீ. அளவில் தட்டையான கன்றுத்தோலோ ஆட்டுத்தோலோ அந்தக் காலத்துக் கடிகாரங்களுக்கு அழகு. நடுவில் புடைத்த வார் அவற்றை விழுங்கிவிடும். அடித்தோல் என்ன என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டு காதர் மாமாவுக்கு வார் வாங்கியபோது அடிப்பக்கம் பன்றித்தோலாக இருந்தது. மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்திருந்ததை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நனைந்த தோலை வெயிலில் காயவைக்காதீர்கள், விறைத்து வெடிக்கும். துணியால் ஒற்றிவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். அடைத்த பெட்டிக்குள் ஈரத்தோடு போட்டால் ஒரு வாரத்திலேயே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும்.

அன்றாடம் கட்டுகிறவர்களுக்கு என் யோசனை பெர்லான் வார். பின்னிய நைலான், காற்று புகும், தண்ணீரில் அலசலாம், துளையே கிடையாது. முள் பின்னலில் எங்கே குத்தினாலும் நிற்கும். ஆனால் நுனியில் 14-க்குக் குறுகும் பெர்லானை நான் பார்த்ததில்லை. அதைக் கட்டும் நாள்களில் அப்பாவின் பக்கிள் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும்.

மாட்டும்போது மடித்த துணியை விரித்து, கடிகாரத்தை முகம் குப்புற வையுங்கள். கால்களின் உட்புறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் கருவி வழுக்கினாலும் கீறாது. பாரின் இரு முனைகளும் துளையில் உட்கார்ந்தால் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். அதை மட்டும் நம்பாமல் வாரைப் பிடித்து எல்லாப் பக்கமும் உறுதியாக இழுத்துப் பாருங்கள். பக்கிளில் இருக்கும் சின்னப் பாருக்கும் இதே சோதனைதான்.

நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள். பொதுவான வார் துளைப்பக்கம் 115, பக்கிள்பக்கம் 75 மி.மீ. இருக்கும். முள் நடுத்துளையில் விழுந்தால் கடிகாரம் மணிக்கட்டின் நடுவே நிற்கும். அப்பாவின் பழைய வாரில் மூன்றாவது துளைதான் நீண்டு கிழிந்திருந்தது. என் மணிக்கட்டு அவருடையதைவிட மெலிந்தது. அதனால் 105-க்கு 65 என்று அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னேன். இப்போது எனக்கும் மூன்றாவது துளைதான்.