இத்தாலியில் ஒரு கோடைப் படிப்பு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பெருஜியா நகரின் பழைய சந்துகளில் நடந்து பார்த்தால், பல கடைகளில் ஷட்டர் இறங்கியிருப்பதையும், வீடுகளின் மரச் சாளரக் கதவுகள் இறுகச் சாத்தப்பட்டிருப்பதையும், அந்த வெயிலில் முதுகுப்பையுடன் கடை தேடி அலைபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர்களாகவே இருப்பதையும் காணலாம். மத்திய இத்தாலியில், உம்பிரியா மாநிலத்தின் தலைநகரான இந்த மலைநகரத்தில் வெளிநாட்டவருக்கான மொழி, பண்பாட்டு வகுப்புகள் 1921-இல் தொடங்கின. 1925-இல் அவை வெளிநாட்டவருக்கென்றே அமைந்த பல்கலைக்கழகமாக உருப்பெற்றன. ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த எத்துருஸ்கர் காலத்து வளைவு வாயிலின் எதிரே நிற்கும் 18-ஆம் நூற்றாண்டு மாளிகையில் அது இன்றும் நடக்கிறது. ஓரிரு மாதப் படிப்புக்காக அங்கே வரும் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது என் கணிப்பு. ஊருக்கென்று இருக்கும் நேர ஒழுங்கைக் கவனிக்காமல், தம் சொந்த ஊரின் அவசரத்தையும் பெட்டியில் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இவற்றில் முதன்மையானது வார இறுதிகளை நிரப்பிவிடும் பழக்கம். நான்கு வாரப் படிப்புக்கு வரும் ஒருவர் முதல் வாரம் ரோம், அடுத்த வாரம் புளோரன்ஸ், அதற்கடுத்து வெனிஸ், கடைசியில் நேப்பிள்ஸ் என்று கிளம்பும் முன்பே பயணச்சீட்டுகளை வாங்கி வைத்துவிடுகிறார். அதன் விளைவாக வெள்ளிக்கிழமை வகுப்பில் மனம் இருப்பதில்லை. திங்கட்கிழமை வகுப்பில் உடம்பு ஒத்துழைப்பதில்லை. இழப்பு அதோடு நிற்பதுமில்லை. மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஊரே கொர்சோ வன்னூச்சி என்னும் நெடுந்தெருவில் மெதுவாக நடக்க வரும். இதற்குப் பஸ்ஸெஜ்ஜாத்தா என்று பெயர். அந்தத் தெருவின் முடிவில் 1270-களில் கட்டப்பட்ட பெரிய நீரூற்றும், அதன் அருகே பேராலயத்தின் படிக்கட்டும் உள்ளன. மாணவர்கள் அந்தப் படிகளில் உட்கார்ந்து பேசும் இரண்டு மணி நேரத்தில், வகுப்பில் காலையில் படித்த வினைச்சொற்கள் வாய்க்குப் பழகிவிடுகின்றன. பயணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அரை மணி நேர ரயில் தூரத்தில் அசிசி இருக்கிறது. திராசிமேனோ ஏரியும் அருகில்தான், அதன் தீவுக்குப் படகு செல்கிறது. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தொலைதூரப் பயணம் மாதத்துக்கு ஒன்று போதும்.

விசா விஷயத்தில் நேரும் தவறுகள் சிறியவை போலத் தோன்றினாலும், பின்னர் பெரிய தலைவலியாகக் கூடியவை. 90 நாள்களுக்கு உட்பட்ட படிப்புக்கு வழங்கப்படுவது, தமக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதிக்குப் பொதுவான விசா. அந்த ஷெங்கன் விசாவில், அது செல்லுபடியாகும் தேதிகளும் தங்க அனுமதிக்கப்பட்ட நாள்களின் எண்ணிக்கையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திரும்பும் விமானத்தைப் பதிவு செய்தால், அனுமதிக்கு மேல் தங்கியவர் என்ற பெயர் வந்து சேரும். ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசாவை வைத்துக்கொண்டு வார இறுதியில் அந்தப் பகுதியில் சேராத லண்டனுக்குப் போனால், திரும்பி உள்ளே வர முடியாது. பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. துபாய் வழியாக நேரே ரோமில் இறங்கும் குறுகிய கால மாணவருக்கு எல்லைச் சோதனையோடு வருகைப் பதிவு முடிந்துவிடுகிறது. ஆனால் பிராங்க்பர்ட் அல்லது பாரிஸ் வழியாக வருபவர் அங்கேயே ஷெங்கன் பகுதிக்குள் நுழைந்துவிடுவதால், இத்தாலிக்கு வந்த எட்டு நாள்களுக்குள் குவெஸ்தூரா எனப்படும் காவல் தலைமையகத்தில் தம் வருகையை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஓட்டலில் தங்குபவருக்கு அங்கே கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவமே போதுமானது. வாடகை அறைக்கு நேரே போகும் மாணவர்தான் இதை மறந்துவிடுகிறார். படிப்பு 90 நாள்களைத் தாண்டினால் கணக்கே வேறு: நுழைந்த எட்டு வேலை நாள்களுக்குள், அஞ்சலகத்தில் கிடைக்கும் விண்ணப்ப உறையை நிரப்பித் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ரயிலைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உள்ளூர் வட்டார ரயிலுக்கு வாங்கிய காகிதச் சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை இட்டுக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, பணம் கொடுத்து வாங்கியதாகவே இருந்தாலும், பரிசோதகரிடம் அபராதத்துக்கு வழிவகுக்கும்.

தங்கும் அறையில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் காற்று வரட்டும் என்று சாளரத்தைத் திறந்து வைப்பதே பலருடைய முதல் வேலையாக இருக்கிறது. அங்குள்ள தடித்த கற்சுவர் வீடுகளுக்கு இது பொருந்தாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே பெர்சியானே என்னும் வெளிப்புற மரக்கதவுகளைச் சாத்திவிட்டு, இரவில் குளிர்ந்த காற்று வீசும்போது அகலத் திறந்து வைப்பதே அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். குளிர்சாதன வசதி இல்லாத அறையில் நிம்மதியாக உறங்க வேறு வழியும் இல்லை. மின்சாரத்திலும் கவனம் தேவை. பெரும்பாலான இத்தாலிய வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட் அளவுக்கே ஒப்பந்தம் செய்யப்பட்டிருக்கும். சலவை இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மின்கெண்டியில் வெந்நீரும் வைத்து, மின்சார ஓவனையும் போட்டால், சட்டென்று வீடு முழுவதும் இருண்டுவிடும். மீட்டர் தரைத்தளத்திலோ நிலவறையிலோ இருந்தால், நான்கு மாடி இறங்கிப் போய் விசையை மேலே தள்ளிவிட்டு வர வேண்டியிருக்கும். நம் ஊர் மூன்று முனைச் செருகி அந்தச் சுவர்த்துளைகளில் நுழையாது என்பதால், மாற்றுச் செருகி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஆகஸ்டு மாதத்தை ஜூலையைப் போலவே எண்ணித் திட்டமிடுவதும் தவறு. அகஸ்டஸ் பேரரசரின் காலத்திலிருந்து வழிவழியாக வரும் பெர்ரகோஸ்தோ விடுமுறை ஆகஸ்டு 15 அன்று வருகிறது. அதையொட்டிய வாரங்களில் குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்விட, தெருமுனை ரொட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் ‘விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது’ என்று கையால் எழுதிய தாள் தொங்கும். மளிகையும் மருந்தும் இரண்டு நாள்களுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அமைதியான நாள்கள் படிப்புக்கு மிகவும் ஏற்றவை. அந்த ரொட்டியைப் பற்றியும் ஒரு சொல்: உம்பிரியாவில் அதை உப்பில்லாமல்தான் சுடுகிறார்கள். கடைக்காரர் மறந்துவிட்டார் என்று எண்ணித் தூக்கிப் போடாமல், உப்பு மிகுந்த பன்றியிறைச்சியோடோ பாலாடைக்கட்டியோடோ, அதுவும் வேண்டாம் என்பவர்கள் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தோ சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மொழியில் தமிழ் மாணவருக்கு ஒரு வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது. கனி, கன்னி என்பவற்றையும் பலி, பல்லி என்பவற்றையும் குழந்தைப் பருவத்திலிருந்தே பிரித்துச் சொல்லிப் பழகிய நாவுக்கு, ‘காசா’ என்றால் வீடு, ‘காஸ்ஸா’ என்றால் பணம் செலுத்துமிடம் என்ற வேறுபாடு கடினமானதன்று. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த சக மாணவர்கள் இந்த இரட்டித்த ஒற்றுக்காகப் பல வாரங்கள் பாடுபடுகிறார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அப்படியே. அங்கே ‘து’ என்பது நண்பருக்கு, ‘லேய்’ என்பது கடைக்காரருக்கும் வயதில் மூத்தவருக்கும். இதைக் கேட்டவுடனேயே புரிந்துகொள்ளக்கூடிய நாம், ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கப் போய் எல்லோரையும் ‘து’ என்று அழைத்துவிடுகிறோம். மந்துவா நகருக்கு அருகே 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை நம் எழுத்தில் தெளிவாக்கும் அளவுக்குத் தமிழ் ஒலிகளை உற்றுக் கேட்டவர். அவருடைய தாய்மொழியை நாம் அதே கவனத்தோடு கேட்டால் போதும்.

காலையில் காபிக்கடைக்குள் நுழையும்போது ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். ‘உன் கஃபே’ என்றால் சிறு கோப்பையில் கெட்டியான காபி வரும். அதை நின்றபடியே குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்து வாங்கினால் பல இடங்களில் அதைவிடக் கூடுதல். முதல் சில நாள்களில் மாணவரின் தடுமாற்றத்தைக் கண்டு கடைக்காரர் பரிவோடு ஆங்கிலத்துக்கு மாறுவார். அங்கே நாமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடாமல், வணக்கத்தையும் காபியையும் சில்லறையையும் இத்தாலியத்திலேயே சொல்லி முடித்துவிட்டுத் தினமும் அதே கடைக்கே போனால், இரண்டாம் வாரத்தில் அவர் வானிலையைப் பற்றி இத்தாலியத்தில் பேசத் தொடங்குவார்.